செவ்வாய் முத்தொகுதியை முடித்த பின்: மூன்றாம் நூல் தொய்கிறதா?

கடலோரன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கிம் ஸ்ரான்லி ரொபின்சனின் செவ்வாய் முத்தொகுதியைக் கடந்த ஞாயிறு இரவு முடித்தேன். "ரெட் மார்ஸ்" 1992 இலும், "கிரீன் மார்ஸ்" 1993 இலும், "புளூ மார்ஸ்" 1996 இலும் வெளிவந்தவை. மூன்றையும் வாசித்து முடிக்க எனக்குப் பதினொரு மாதங்கள் சென்றன. இன்னும் வாசிக்காதவர்கள் இந்த இழையைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப் போகிறேன்.

நான் திண்ணையில் இருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மாதக்கணக்காக வாசிப்பதைப் பார்த்த அம்மா, அது எதைப் பற்றியது என்று கேட்டார். செவ்வாயைப் பற்றியது என்றேன். "யாருடைய சாதகம்?" என்றார்.

கதை 2026 இல் நூறு பேர் செவ்வாய்க்குப் புறப்படுவதில் தொடங்கி இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் முடிகிறது. முதுமையைத் தள்ளிப்போடும் சிகிச்சை ஒன்று இடையில் கண்டுபிடிக்கப்படுவதால், அந்த நூறு பேரில் சிலர் இரண்டு நூற்றாண்டுகளையும் தாமே வாழ்ந்து கடக்கிறார்கள். பல தலைமுறைகளின் கதையைச் சொல்ல மற்ற நாவலாசிரியர்கள் பேரனையும் பூட்டனையும் கொண்டுவருவார்கள்; இவர் பழைய ஆட்களையே கடைசிவரை நடக்க விட்டிருக்கிறார்.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது ஒரு சிறிய ஏற்பாடு. செவ்வாயின் ஒரு நாள் நம்முடையதைவிட ஏறத்தாழ 39 நிமிடங்களும் 35 விநாடிகளும் நீளமானது. குடியேறியவர்கள் மணி, நிமிடம், விநாடி எதையும் மாற்றாமல், நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கடிகாரங்களை நிறுத்திவிடுகிறார்கள். மிச்ச நேரம் கழியும்வரை எந்தக் கணக்கிலும் சேராத ஒரு பொழுது அங்கே நிலவுகிறது. 2022 இல் இரவு மின்வெட்டு நீண்டபோது எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எத்தனை மணி என்று யாரும் கேட்காமல் இருந்த இரவுகளை அது நினைவூட்டியது.

ஆனால் மூன்றாம் நூலில் எனக்குப் பெரும் ஏமாற்றம். முதல் நூல் ஒரு கொலையுடன் திறந்து, பின்னோக்கிச் சென்று, அந்தக் கொலைக்கான காரணத்தை விண்கலப் பயணத்திலிருந்தே கட்டியெழுப்புகிறது. இரண்டாம் நூலில் தலைமறைவு வாழ்க்கையும் இரண்டாவது புரட்சியும் இருக்கின்றன. மூன்றாம் நூலிலோ அரசியலமைப்பு மாநாடு, பயணங்கள், படகோட்டம், மீண்டும் பயணங்கள். அதைவிட, மிஷேலின் மரணம் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் வந்து விழுகிறது. அவரோடு வாழும் மாயா ஏன் அப்படி மாறிப்போனாள் என்பதற்கும் விளக்கம் இல்லை. உளவியலாளராக மூன்று நூல்களிலும் மற்றவர்களைத் தாங்கிப் பிடித்த ஒருவரை, ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் இடையில் ஆசிரியர் கொன்றுவிட்டார். அவர் களைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

சுழியோடி எழுதியது:

தம்பி கடலோரன், மூன்றாம் நூலைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் முதல் நூலில் நம் ஊர் வருகிற இடத்தைச் சொல்கிறேன்.

செவ்வாயின் நடுக்கோட்டில் உள்ள பவோனிஸ் எரிமலையின் உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு வடம் போகிறதல்லவா? அந்த விண்தூக்கியின் மறுமுனையில் எதிர்நிறையாகக் கட்டப்பட்டிருக்கும் சிறுகோளின் பெயர் கிளார்க். ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர். அதே ஆண்டிலேயே நண்பர் மைக் வில்சனுடன் நம் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய கற்களைக் கடலின் அடியில் கண்டவர். 1979 இல் அவர் எழுதிய விண்தூக்கி நாவலில் சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் எடுத்துக்கொண்டு, நம் தீவையே தெற்கே இழுத்து நடுக்கோட்டில் வைத்தார். உண்மையில் நாம் ஆறு பாகைக்கு வடக்கே தொடங்குகிறோம். வடம் நேராக நிற்க வேண்டுமானால் அதன் அடி நடுக்கோட்டில் இருப்பதே வசதி என்பதால் அந்தச் சிறு மோசடி.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலையடியில் சுழியோடுகிறேன். தூண் ஒன்று பக்கவாட்டாகக் கிடக்கும். அதன் சதுரமான முனையில் சிப்பிகள் ஒட்டியிருக்கும். கையால் தடவினால்தான் உளி பட்ட கோடு தெரியும். முதல் நூலில் 2061 ஆம் ஆண்டுப் புரட்சியின்போது வடம் அறுந்து, கோளை ஏறத்தாழ இரண்டு சுற்றுச் சுற்றி விழுகிற அத்தியாயத்தை வாசித்தபோது, உயரத்தில் கட்டிய ஒன்று கீழே விழுந்த பிறகு எப்படி நிலத்தின் பகுதியாகிவிடுகிறது என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னைய நூல்களில் அந்த விழுந்த வடம் வெறும் நிலக்குறியாகிவிடுகிறது. அறுத்தவர்களின் கோபம் அதில் ஒட்டியிருப்பதில்லை.

புதுமுகம் எழுதியது:

நான் இன்னும் வாசிக்கவில்லை, எச்சரிக்கையையும் மீறி வந்துவிட்டேன். இதை "வன் விஞ்ஞானப் புனைகதை", அதாவது உண்மையான விஞ்ஞானத்தை ஒட்டி எழுதப்பட்ட கதை என்கிறார்கள். விஞ்ஞானம் பழசாகிப் போயிருந்தால் முப்பது வருடங்களுக்குப் பிறகு இதை வாசிப்பதில் பயன் உண்டா?

வெண்சங்கு எழுதியது:

புதுமுகம், நல்ல கேள்வி. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்த நூல்கள் எழுதப்பட்டபோது, செவ்வாயின் தரையைப் பற்றிக் கையில் இருந்த நேரடித் தரவுகள் பெரும்பாலும் 1976 இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் அனுப்பியவை. மண்ணில் பர்குளோரேற்று உப்புகள் இருப்பதை 2008 இல்தான் பீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது. தைரொயிட் சுரப்பியைப் பாதிக்கக்கூடிய அந்த உப்பு கலந்த மண்ணில் நாவலின் மனிதர்கள் எந்தக் கவலையும் இல்லாமல் பயிர் செய்கிறார்கள். இது முதலாவது குறை.

இரண்டாவது குறை பெரியது. அதை விளக்க டச்சு விரிகுடாக் கரைக்கு வாருங்கள். பத்து மீற்றர் ஆழத்துக்கு இறங்கினால் கடல் நம்மீது இன்னொரு வளிமண்டலத்தின் அமுக்கத்தை ஏற்றுகிறது என்பது சுழியோடி அண்ணாவுக்குத் தெரியும். செவ்வாயின் சராசரி வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய ஆறு மில்லிபார். அதைக் கடல்நீரால் அளந்தால் ஆறு சென்ரிமீற்றர், அதாவது கரையில் நிற்பவரின் கணுக்கால்கூட நனையாத அளவு. நாவலில் துருவப் பனியையும் மண்ணையும் சூடாக்கிக் காபனீரொட்சைட்டை வெளியேற்றுகிறார்கள். ஆழமான துளைகள் தோண்டுகிறார்கள். விண்வெளியில் பெரிய ஆடியை நிறுத்தி ஒளியைக் குவிக்கிறார்கள். ஆனால் எட்டக்கூடிய காபனீரொட்சைட்டு முழுவதையும் வெளியேற்றினாலும் அமுக்கம் சுமார் இருபது மில்லிபாருக்கு மேல் போகாது என்று 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. அப்படியானால் நீர் கெண்டைக்காலின் பாதிவரை வருகிறது. நமக்குத் தேவையோ பத்து மீற்றர்.

ஆகவே கணக்குத் தோற்றுவிட்டதா? இந்த நாவலின் கணக்குத் தோற்றது, ஆனால் கணக்குப் போடும் முறை தோற்கவில்லை. செவ்வாயைச் சூடாக்கும் வேலையை முன்னெடுக்கும் விஞ்ஞானி சாக்ஸ் ஒவ்வொரு முயற்சியும் எத்தனை பாகை வெப்பம் தரும் என்று கூட்டிப் பார்க்கிறார்; காற்றாலைகளில் வெப்பமூட்டி வைத்து கோள் முழுக்கப் பரப்பும்போது அதன் பயன் மிகச் சிறியது என்பதை நண்பர்கள் கணக்கிட்டுக் கேலி செய்கிறார்கள்; பிறகுதான் அந்தக் காற்றாலைகளுக்குள் பாசி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது தெரியவருகிறது. மாணவன் விடையைத் தவறாக எழுதியிருந்தாலும் படிமுறைக்குப் புள்ளி கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த வகையில் இவர் நல்ல புள்ளி எடுப்பார்.

தம்பலகாமத்தான் எழுதியது:

இரண்டாம் நூலின் இறுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அணை உடைக்கப்பட்டு பரோஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கும்போது, மக்கள் முகமூடி ஒன்றை மட்டும் அணிந்து, பல கிலோமீற்றர் தூரம் வெளியே நடந்தே போகிறார்கள். அதுவரை நகரைப் போர்த்திய கூடாரத்துக்கு வெளியே கால் வைத்தால் மரணம் என்றிருந்த கோளில், அவ்வளவு பேர் ஒன்றாகத் திறந்த வெளியில் நடக்க முடிகிறது என்பதுதான் அந்த வெள்ளத்தின் பொருள். ஆசிரியர் புரட்சியின் வெற்றியைக் கொடியேற்றிக் காட்டாமல் மூச்சு விடுவதைக் கொண்டே காட்டியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் காலத்தைக் "குளம் உடைப்பெடுத்த வருசத்துக்கு முன்", "குளம் உடைப்பெடுத்த வருசத்துக்குப் பின்" என்றுதான் சொல்வார்கள். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 இல் உடைந்தது. நான் அதற்குப் பிறகு பிறந்தவன். ஆனாலும் அம்மா சொல்லிச் சொல்லி, நெல் மூட்டைகளைப் பரணில் ஏற்றிய ஓசையை நானே கேட்டது போல ஒரு நினைவு எனக்கு உண்டு. நாவலின் செவ்வாயில் பிறந்த இளையவர்கள், அவர்கள் பார்க்காத 2061 ஐப் பற்றிப் பேசுவதும் இப்படித்தான் இருக்கிறது. பார்த்தவர்களுக்கோ அது மறந்துகொண்டே போகிறது. மூன்றாம் நூல் தொய்கிறது என்று கடலோரன் சொல்வது இதனால்தானோ என்று நினைக்கிறேன்: அங்கே நிகழ்ச்சி குறைவு, நினைவு அதிகம்.

இன்னொன்று. செவ்வாயைப் பசுமையாக்க விரும்பும் அணியைப் பசுமையர் என்று எழுத வேண்டியதைப் "பச்சைக் கட்சி" என்று எழுதி நண்பனுக்கு விளக்கப் போய், அவன் நம் நாட்டுத் தேர்தலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். தமிழாக்கம் செய்யப் போகிறவர்கள் கவனிக்கவும்.

கோட்டையடி எழுதியது:

அரசியலமைப்பு மாநாட்டை ஒரு குறையாகக் கடலோரன் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. 1972 யாப்பு, 1978 யாப்பு, அதன் பிறகு வந்த திருத்தங்கள், வராமலே போன வரைவுகள் என்று வாழ்நாள் முழுவதும் கேட்டு வளர்ந்த எனக்கு, பவோனிஸ் மலையுச்சியில் களஞ்சியக் கட்டிடங்களுக்குள் மக்கள் மாதக்கணக்காக இருந்து நிலம் யாருக்குச் சொந்தம், காற்று யாருக்குச் சொந்தம், நகரங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று வரிக்கு வரி சண்டை பிடிக்கும் பகுதி விறுவிறுப்பாகவே இருந்தது. வெளிநாட்டு வாசகர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள் போலும். நாடியா அங்கே ஒரு மேசனின் பொறுமையோடு வேலை செய்கிறாள். கட்டுவதில் கைதேர்ந்தவளைக் கொண்டு யாப்பைக் கட்ட வைத்தது நல்ல தெரிவு.

பிரட்றிக் கோட்டை வாசலின் கல்லில், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்றும், பிறகு யார் யார் ஆள்வார்கள் என்றும் கண்ணின் நிறத்தை வைத்து வரிசைப்படுத்தும் பாட்டு வெட்டப்பட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். பூனைக்கண்ணனையும் புகைக்கண்ணனையும் பாடியவரும் நூற்றாண்டுகளைத் தாண்டித்தான் எழுதினார், ஆனால் நான்கே வரியில் முடித்தார். ரொபின்சனுக்கு அந்தச் சிக்கனம் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வெண்சங்கு எழுதியது:

தம்பி கடலோரன், உங்கள் முதற்பதிவை இன்று மறுபடி வாசித்தபோது ஒன்று இடறியது. மிஷேலின் மரணத்துக்கு முன்னேற்பாடு இல்லை என்றும், மாயாவின் மாற்றத்துக்கு விளக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் படத்தின் காட்சியை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

மாயா தன் வீட்டுச் சமையலறையில் பிராங்கின் இளமைக்காலப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறாள். பிராங்க் அவளுடைய காதலன்; முதல் நூலின் முடிவில் அவள் கண்முன்னே வெள்ளத்தில் போனவன். நூற்றாண்டு கடந்து ஒரு நாள், அவள் அந்தப் படத்தைப் பார்த்து, இவர் யார் என்று கேட்கிறாள். மிஷேலின் மரணம் அதை ஒட்டியே வருகிறது. மூன்றாம் நூல் முழுவதும் அந்த ஒரு கேள்வியை நோக்கித்தான் நகர்கிறது என்பது என் வாசிப்பு. சாக்ஸ் நினைவை மீட்கும் மருந்தைத் தேடத் தொடங்குவதும், எஞ்சியிருக்கும் முதல் நூற்றுவர் தங்கள் முதற் குடியிருப்பான அண்டர்ஹில்லுக்குத் திரும்பிப் போய் ஒன்றாக அதை உட்கொள்வதும் அதன் விளைவுகள். நீங்கள் இதைக் குறிப்பிடவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

கடலோரன் எழுதியது:

ரீச்சர், அப்படி ஒரு காட்சியை நான் வாசிக்கவே இல்லை.

உங்கள் பதிவைப் பார்த்த கையோடு புத்தகத்தை எடுத்துப் பக்க எண்களைப் பார்த்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் பிரதியில் முப்பத்திரண்டு பக்கங்கள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில், அதற்கு முந்தைய முப்பத்திரண்டு பக்கங்கள் இரண்டாம் முறையாக வைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. பழைய புத்தகங்களை இணையத்தில் விற்கும் கடை ஒன்றிலிருந்து தபாலில் எடுத்த பிரதி அது. வந்தபோது அட்டையையும் முதுகையும் பார்த்தேனே தவிர உள்ளே பார்க்கவில்லை.

நீங்கள் கேட்கப் போகும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ஒரே பக்கங்களை இரண்டு முறை வாசித்தவனுக்கு அது தெரியாமலா போனது? தெரிந்தது, ரீச்சர். வாசித்ததையே வாசிக்கிறோம் என்று ஐந்தாறு பக்கங்கள் போனதும் உணர்ந்தேன். ஆனால் கதையோ நினைவு தடுமாறும் கிழவர்களைப் பற்றியது. அவர்களுக்கு நேர்வதை வாசகனுக்கும் நேரச் செய்வதற்காக ஆசிரியர் வேண்டுமென்றே பக்கங்களைத் திரும்ப அச்சிட்டிருக்கிறார் என்று நினைத்து, அவரது துணிச்சலை வியந்து, ஓரத்தில் பென்சிலால் "அருமை" என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். அதன் பிறகு ஒரு வாக்கியம் பாதியில் முறிந்து, வேறொரு வாக்கியம் நடுவிலிருந்து தொடங்கியதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன்.

தம்பலகாமத்தான் எழுதியது:

அந்த "அருமை"யைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

சுழியோடி எழுதியது:

என் பிரதி முழுமையானது. நாளை மாலை ஐந்து மணிக்கு மேல் உப்புவெளிச் சந்தியில் இருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடல் உப்புப் பட்டுக் கடைசிப் பக்கங்கள் சற்று அலைபோல் வளைந்திருக்கும், எழுத்து தெரியும்.

கடலோரன் எழுதியது:

அண்ணாவின் பிரதியை நேற்று வாங்கிவந்து அந்தப் பக்கங்களை இரவே வாசித்துவிட்டேன். மிஷேலைப் பற்றியும் மாயாவைப் பற்றியும் நான் எழுதியவற்றைத் திரும்பப் பெறுகிறேன். ஆசிரியர் களைத்துவிட்டார் என்றதையும் சேர்த்துத்தான். யாப்பு மாநாட்டைப் பற்றிக் கோட்டையடி சொன்னதைக் கேட்டு அதையும் திரும்ப வாசிப்பேன். பயணப் பகுதிகள் நீளம் என்ற கருத்தில் மட்டும் மாற்றமில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கின் பெயரையும் பாறையின் வகையையும் அறிந்துகொள்ள, ஆன் என்ற நிலவியலாளருக்கு இருக்கும் ஆவல் எனக்கு இல்லை. ஆயினும் செவ்வாயின் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது என்று இருநூறு வருடங்களாகப் பிடிவாதம் பிடித்த அதே ஆன், கடைசியில் அந்தக் கோளிலேயே ஒரு கடற்கரையில் நடக்கும்போது, அந்த நீளம் இல்லாமல் அவளை அங்கே கொண்டுவந்திருக்க முடியுமா என்று இப்போது சற்று யோசனையாக இருக்கிறது.

படத்தின் காட்சியைப் பற்றி ஒன்று. இவர் யார் என்று மாயா கேட்ட இடத்தில் நான் புத்தகத்தை மூடி, பிராங்கின் முகத்தை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். முதல் நூலைத் திறந்துவைத்த அந்தக் கொலைக்காக நிக்கோசியா நகரில் அவன் செய்த காரியம் நினைவில் இருக்கிறது. முகம் வரவில்லை, தலைமுடி கறுப்பா வேறு நிறமா என்பதுகூட வரவில்லை. பதினொரு மாதங்கள்தான் ஆகின்றன. முதல் நூலை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன், அவன் முதன்முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறான் என்று தேடுகிறேன்.